இல்லாமல் போன கோளும் என் மகனும்

மகனே,

உனக்கு ஸலாம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். நீ பதில் சொன்னதாகவே எடுத்துக்கொள்கிறேன். இதை ஏன் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்தால் நீ பாதியில் மூடி வைத்துவிடுவாய். போன வெள்ளிக்கிழமை நீ கதைத்தபோது, தங்கச்சி நஸ்ரினின் கலியாணத்துக்கு வரமாட்டேன் என்றாய். வேலை என்றாய். நான் விடாமல் கேட்டதும், "நான் வந்தென்ன வராட்டி என்ன உம்மா. நான் இருந்தென்ன இல்லாட்டி என்ன" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். முதலாவதை நான் எப்படியோ பொறுத்துக்கொள்வேன். இரண்டாவதாகச் சொன்னாயே, அதை என்னால் ஓர் இடத்திலும் இறக்கி வைக்க முடியவில்லை. அரிசி களையும்போது அது வருகிறது. தொழுகையில் குனியும்போது வருகிறது. கலியாணத்துக்குச் சுவர்களுக்கு நிறம் பூச வந்தவர்கள் என்ன நிறம் என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள், நான் அவர்களுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

அதற்குப் பிறகு நான் எடுத்த ஒரு அழைப்புக்கும் நீ பதில் தரவில்லை. "நல்லா இருக்கன், வேலை கூட" என்று எழுதி அனுப்புகிறாய். எழுத்தில் குரல் இல்லை, மகனே. எழுத்தை வைத்துக்கொண்டு நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. கடைசியாக உன் முகத்தைப் பார்த்தபோது தாடி ஒழுங்கில்லாமல் வளர்ந்திருந்தது. பகல் நேரத்தில் திரையை இழுத்து மூடிவைத்திருந்தாய். கொஞ்ச நேரத்தில் போனைக் கட்டிலில் போட்டுவிட்டாய். மிச்சக் கதை முழுவதும் நான் உன் அறையின் கூரையோடுதான் கதைத்தேன்.

எல்லாம் அந்தக் கோளால் வந்தது என்று உன் வாப்பா சொல்கிறார். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. நீ அதைப் பற்றி முதன்முதல் சொன்ன நாளை நான் மறக்கமாட்டேன். நோன்பு காலம். அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டுக் கிண்டிக்கொண்டிருந்தேன். "உம்மா, நாங்க ஒரு கோள் கண்டுபிடிச்சிருக்கம்" என்றாய். "எங்க?" என்று கேட்டேன், ஏதோ காரைதீவுச் சந்தியில் கண்டெடுத்ததைப் போல. நீ சிரித்த சிரிப்பில் நஸ்ரின் ஓடிவந்தாள். வெகு தூரத்தில் ஒரு நட்சத்திரம், அதை ஒட்டிக்கொண்டு சுற்றுகிற ஒரு பெரிய கோள். நம்முடைய வியாழனைப் போலப் பெரிதாம். ஆனால் வியாழன் சூரியனை விட்டு எவ்வளவோ தள்ளி நிற்க, இது தன் சூரியனின் நெஞ்சிலேயே கிடக்கிறதாம். நமக்கு மூன்று நாலு நாள் போனால் அதற்கு ஒரு வருடம் முடிந்துவிடும். ஒரே முகத்தைத்தான் அது சூரியனுக்குக் காட்டும். அந்தப் பக்கம் விடிந்தது விடிந்ததுதான், மற்றப் பக்கத்தில் இருட்டு விலகுவதே இல்லை. பகல் பக்கத்துச் சூட்டில் இரும்பும் ஆவியாகிவிடும், அதைக் காற்று அள்ளிக்கொண்டு போக, இருட்டுப் பக்கத்தில் இரும்பு மழையாகவும் பெய்யலாம் என்றாய்.

உன் வாப்பா தொழப் பள்ளிக்குப் போக வெளிக்கிட்டவர், வாசலில் நின்று கேட்டார்: "அப்ப ஒரு பக்கம் எப்பவும் பகலெண்டா, மஃரிப் எப்ப வாற? நோன்பு திறக்கேலாதே."

"அங்க ஆக்கள் இல்ல வாப்பா."

"இருந்தா எண்டு கேக்கிறன். வருசமும் மூணு நாள்ல முடியிதெண்டா, நோன்பும் பெருநாளும் ஒரே கிழமையில ரெண்டு தரம் வருமே. பெருநாளைக்கு உடுப்பெடுத்தே மனிசன் முடிஞ்சிருவான்."

நான் கேட்டது வேறு. "அவ்வளவு கிட்டப் போய் நிக்கிதே, எரிஞ்சு போகாதா மகன்?" என்றேன். "கொஞ்சம் கொஞ்சமா ஆவியாகிக்கொண்டுதான் இருக்கு உம்மா. ஆனா அது பெரிசு, தாங்கும்" என்றாய். எனக்கு அதோடு ஒரு பரிவு வந்துவிட்டது. யாரும் இல்லாத இடத்தில், தன் சூட்டைத் தானே சுமந்துகொண்டு, விலகிப்போகவும் தெரியாமல் சுற்றுகிற ஒன்று. நான் பயந்தவள் என்று நீங்கள் எல்லோரும் சிரிப்பீர்கள். பாலர் பாடசாலைக்குப் போகும் பிள்ளையை வேலிவரை வந்து பார்ப்பதைப் போல, நான் அந்தக் கோளையும் மனதுக்குள் அப்படித்தான் வைத்திருந்தேன்.

பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும், ஆனால் நீ தூரத்தில் இருந்ததால் பாதிதான் தெரியும். உன் பழைய பள்ளிக்கூடத்தில் கூட்டம் வைத்து, உனக்குப் பதிலாக வாப்பாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். விளையாட்டுக் கழகப் பெடியன்மார் பெரிய வீதியில் ஒரு பெனர் கட்டினார்கள். ஒரு பக்கம் உன் முகம், மறு பக்கம் நெருப்புத் துண்டு போல ஒரு சிவப்பு உருண்டை. வாப்பா பஸ் ஓட்டின காலத்தில் அவரோடு ஒரு வார்த்தை கதைக்காதவர்களும் டிப்போ வாசலில் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நஸ்ரினுக்குச் சம்மாந்துறையிலிருந்து கலியாணப் பேச்சு வந்ததும் அந்த நாட்களில்தான்.

அதற்கு அடுத்த வருடம் ஒரு நாள், பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்ல முன் நீ அழைத்தாய். நான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். உனக்கு அது காலை நேரம். "உம்மா, அது இல்ல" என்றாய். எது என்று கேட்டேன். "அந்தக் கோள். அது இல்லவே இல்ல" என்றாய். கை கழுவாமலே போனை எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். நீ பொறுமையாக விளங்கப்படுத்தினாய். அந்த நட்சத்திரம் அசைவது போலத் தெரிந்ததால்தான், பக்கத்தில் ஒரு கோள் நின்று அதை இழுக்கிறது என்று நினைத்தீர்கள். ஆனால் அந்த நட்சத்திரத்தின் முகத்தில் பெரிய கறுப்புப் புள்ளிகள் இருந்தன. நட்சத்திரம் சுழலச் சுழல, அவை வருவதும் மறைவதுமாக இருந்ததுதான் அசைவைப் போலக் காட்டியிருக்கிறது. நீயே திரும்பத் திரும்ப அளந்து பார்த்து, நீயே உன் பேராசிரியரிடம் போய்ச் சொல்லி, எழுதின ஆய்வுக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டாய். நீ சொல்லி முடித்ததும் நான், "அப்ப நீங்க கேட்டது நட்சத்திரத்துட சொந்தத் துடிப்பு" என்றேன்.  "ஓம் உம்மா, அப்படித்தான்" என்றாய்.

எனக்கு எப்படி உடனே விளங்கியது என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் பூமணியைப் பற்றிச் சொல்லியிருப்பேன். இப்போது சொல்கிறேன். நீ பிறக்க முன், நான் குடும்பநல மாதுவாக, பிள்ளைத்தாச்சிகளைப் பார்க்க நற்பிட்டிமுனைப் பக்கம் சைக்கிளில் போய் வந்த காலம். பூமணி தலைப்பிள்ளைக்காரி, மாதம் நெருங்கியிருந்தது. பிள்ளையின் அசைவு குறைந்த மாதிரி இருக்கிறது என்று சொன்னாள். மரக்குழலை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தேன். ஒரு துடிப்புக் கேட்டது. மெலிதாக, ஆனால் கேட்டது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. காதை எடுக்காமலே அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தேன். காதில் கேட்டதும் விரலில் பட்டதும் ஒரே துடிப்பு. பயத்தில் அவளுடைய இதயம்தான் அப்படி ஓடிக்கொண்டிருந்தது.

"இருக்குத்தானே மிஸ்? கேக்குதுதானே?" என்றாள்.

ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவளுக்கு அன்றைக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "பிள்ளைட சத்தம் எனக்குக் கேக்கல்ல பூமணி. கேக்கிறது உங்கட சத்தம். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்றேன். ஆஸ்பத்திரியிலும் அதைத்தான் சொன்னார்கள். பிறகு நான் பார்க்கப் போனபோது அவள் படலையைத் திறக்கவில்லை. என் வாயால்தான் பிள்ளை போனது என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அந்த வீதியால் போகும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை மிதிப்பேன்.

கொஞ்சக் காலம் கழித்து, தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் என்று கலவரப்பட்டு, ஒரு ஊர் ஆள் மற்ற ஊருக்குள் போவதற்கு யோசிக்கிற நாட்களில், அவளுடைய புருஷன் நம்முடைய வீட்டைத் தேடிப்பிடித்து வந்து நின்றார். "அவ திரும்பவும் பிள்ளைத்தாச்சி. நீங்கதான் வந்து பாக்கணுமாம்" என்றார். அங்கே வேறு மிஸ் இருக்கிறாரே என்றேன். "நீங்க இல்லாதத இருக்கெண்டு சொல்லமாட்டீங்களாம். நீங்க இருக்கெண்டு சொன்னாத்தான் அவ நித்திரை கொள்ளுவாவாம்" என்றார். உன் வாப்பாவுக்குப் பயம். ஆனாலும் சைக்கிளில் எனக்குப் பின்னால் வந்தார். அந்த முறை குழலை வைத்ததும் கேட்ட துடிப்புக்கு மணிக்கட்டைப் பிடித்துப் பார்க்கவே தேவை இருக்கவில்லை.

ஒரு பிள்ளையையும் ஒரு கோளையும் நான் ஒன்றாக வைக்கவில்லை, மகனே. ஆனால் இல்லை என்று சொல்கிறவனின் நெஞ்சு என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் நீ அங்கே தனியாக வைத்துக்கொண்டு இருக்கிறாய் என்று பயப்படுகிறேன்.

கோள் இல்லை என்பதை வாப்பாவிடம் நான்தான் சொன்னேன். அதோடு அவர் தேத்தண்ணிக் கடைக்குப் போவதை விட்டார். பெரிய வீதியால் போனால் பெனரைப் பார்க்கவேண்டும் என்று கடற்கரை வீதியால் சுற்றிப் போனார். பிறகு ஒரு நாள் காற்று மழைக்கு அந்தப் பெனர் எங்கேயோ போய்விட்டது. அவர் அப்போதும் கடற்கரையால்தான் போய்வந்தார். உன் மேல் கோபம் என்று நினைக்காதே. கேட்கிறவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. சிலர் போனில் ஏதேதோ எழுதினார்கள் என்பதும் எனக்குத் தெரியும். நீ அதையெல்லாம் வாசித்திருப்பாய் என்பதும் தெரியும். அதை எழுதினவர்கள் மறுநாள் வேறு ஒருவரைப் பற்றி எழுதப் போய்விட்டார்கள். நீ மட்டும் இன்னும் அதையே வாசித்துக்கொண்டு இருக்கிறாய்.

வெள்ளிக்கிழமை நீ அப்படிச் சொல்லி வைத்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை நானும் வாப்பாவும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. நாள் குறித்தாயிற்று, போகாமல் இருக்க முடியாது. சம்மாந்துறையில் வாப்பா ஆண்களோடு வெளியே இருந்தார், கூடம் நிறையப் பெண்கள். மாப்பிள்ளையின் உம்மா என்னைத் தன் சகோதரிமாருக்குக் காட்டி, "பொண்ணுட காக்காதான் வானத்தில புதுக் கோள் கண்டுபிடிச்சவர்" என்று உன்னைப் பற்றிச் சொன்னார். அந்த வீட்டில் யாருக்கும் விசயம் தெரியாது.  சொன்னால் இந்தச் சம்பந்தத்துக்கு என்ன ஆகுமோ என்று இருந்தது. சொல்லாமல் விட்டால் உன்னை நானே ஒளித்துவைத்த மாதிரி ஆகிவிடும் என்றும் இருந்தது. தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"ராத்தா, ஒரு விசயம் சொல்லணும். அந்தக் கோள் இல்லயாம். மகன்தான் மறுகாவும் பாத்து, பிழையெண்டு கண்டவன். அவனே எல்லாருக்கும் எழுதிச் சொல்லிட்டான்."

 ஒரு சகோதரி, "அப்ப பொய்யா சொன்னவர்?" என்றார்.

"பொய்யில்ல. பிழைச்சுப் போச்சு. பிழைச்சத மறைக்காம சொன்னவன்."

மாப்பிள்ளையின் உம்மா என் பக்கம் திரும்பி, "வேலை போயிட்டா?" என்றார். இல்லை என்றேன். "சரி. ஆள் சுகமா இரிக்காரா?" என்று கேட்டார்.

நான் எல்லாவற்றுக்கும் ஆயத்தமாகப் போயிருந்தேன். அந்தக் கேள்விக்கு ஆயத்தமாக இருக்கவில்லை. முன்பின் பழக்கமில்லாத வீட்டில், அத்தனை பேருக்கு நடுவில் அழுதுவிட்டேன். அவர் மற்றவர்களைக் குசினிப் பக்கம் அனுப்பிவிட்டு எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நீ சொன்ன வார்த்தையை அவரிடம் சொன்னேன். வாப்பாவிடம்கூடச் சொல்லாததை.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என்ட மூத்தவன் கட்டாரில இருக்கக்குள்ள இப்பிடித்தான் ஒருக்கா ஒரு கதை கதைச்சவன். நாங்க வேலை கூடவாக்குமெண்டு விட்டுட்டம். அல்லாஹ்தான் காப்பாத்தினான். கூட இருந்த ஆள் கதவ உடைச்சுக்கொண்டு போயிருக்காட்டி இண்டைக்கு எனக்கு அந்தப் பிள்ளை இல்ல." என் கையைப் பிடித்துக்கொண்டார். "கேளுங்க. சுத்தி வளைச்சுக் கேக்காதீங்க, நேராக் கேளுங்க. கேட்டா அந்த நினைப்பு வந்திருமெண்டு பயப்படாதீங்க. நான் கேக்காம விட்டதுதான் பிழை."

திரும்பி வரும்போது மழை இருட்டிக்கொண்டு வந்தது. மாவடிப்பள்ளியில் வீதியோரம் காயப் போட்ட நெல்லை ஒரு புருஷனும் பெண்சாதியும் அவசரமாகக் குவித்து மூடிக்கொண்டிருந்தார்கள். மூடினது உன் பெனரால். நெல் குவியலின் மேல் உன் முகம் கோணலாகக் கிடந்தது, பக்கத்தில் அந்தச் சிவப்பு உருண்டை. வாப்பா ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கினார். சண்டைக்குத்தான் போகிறார் என்று நினைத்து நானும் பின்னால் இறங்கினேன். அவர் போய், காற்றில் அடித்துக்கொண்டிருந்த ஒரு மூலையைப் பிடித்து இழுத்து, ஒரு கல்லைத் தூக்கி வைத்தார். இன்னொரு மூலைக்கும் வைத்தார். வந்து உட்கார்ந்து, "நல்லா மூடுது" என்றார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கல்முனை வரும்வரை இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வந்தோம், ஆட்டோக்காரர் கண்ணாடியால் எங்களைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். அடுத்த நாள் காலையில் அவர் பெரிய வீதியால்தான் போனார்.

ஆகவே நேராகக் கேட்பதற்குத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். நீ போனை எடுக்காததால் எழுத்தில் கேட்கலாம் என்று நினைத்தேன். இந்த இடம்வரை எழுதி, அந்தக் கேள்வியை எப்படி எழுதுவது என்று தெரியாமல் இருந்தபோது, பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்த நேரம், நீயே அழைத்தாய். நான் ஸலாம்கூடச் சரியாகச் சொல்லவில்லை.

"மகன், நீ உன்ட உசிர முடிச்சுக்கொள்ள நினைச்சியா?" என்று கேட்டேன்.

உன் மூச்சு மட்டும் கேட்டது. நான் மறு கையால் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஓம் உம்மா. கொஞ்ச நாள் அப்படி இருந்த" என்றாய்.

"இப்ப?"

"இப்ப குறைவு. நேத்து டொக்டரிட்டப் போனன். பேராசிரியர்தான் கூட்டிக்கொண்டு போனவர். மருந்து தந்திருக்கு. கிழமைக்கு ஒருக்கா ஒராளோட கதைக்கணும்."

"ஏன் எங்களுக்குச் சொல்லல்ல?"

"நீங்க பயப்படுவீங்க."

"நான் பயப்படுறதுக்குத்தான் இரிக்கன் மகன். நீ சொல்லாட்டியும் பயப்படுவன். சொன்னா எதுக்குப் பயப்படுறதெண்டாவது எனக்குத் தெரியும்."

அப்போதுதான் நீ அழுதாய். பெரிய பிள்ளையாகிய பிறகு நீ அழுததை நான் கேட்டதில்லை. உன்னை அழ விட்டேன். நானும் அழுதேன். பிறகு நீ, வந்தால் எல்லோரும் கோளைப் பற்றிக் கேட்பார்களே என்றாய். கேட்பார்கள் என்றேன். இல்லை என்று சொல், அதோடு சாப்பாட்டைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவார்கள் என்றேன். நெல் மூடின கதையையும் சொன்னேன். கொஞ்சமாகச் சிரித்தாய். அந்த நட்சத்திரத்தைத் திரும்பவும் பார்க்கப் போவதாகச் சொன்னாய், இந்த முறை புள்ளிகளைப் படிப்பதற்காக. பயந்துகொண்டே, பார் மகனே என்றேன். கடைசியில், "வாறன் உம்மா" என்றாய்.

கதைத்து முடித்த பிறகும் இதை ஏன் எழுதி முடிக்கிறேன் என்றால், போனில் கேட்டது மறந்துபோகும், தாளில் இருப்பதை நீ திரும்ப எடுத்து வாசிக்கலாம். மருந்தை ஒழுங்காகக் குடி. சுகம் போலத் தெரிந்தாலும் நீயாக நிறுத்தாதே. திரையைத் திற. அந்தப் பேராசிரியருக்கு இரண்டு கையாலும் நன்றி சொன்னேன் என்று சொல். நினைப்பு திரும்ப வந்தால் எந்த நேரமென்று பார்க்காமல் எனக்கு அழைப்பு எடு. நான் நித்திரை என்றால் எழும்புவேன், தொழுகையில் என்றால் முடித்துவிட்டு எடுப்பேன், அதுவரை விடாமல் அடித்துக்கொண்டே இரு. நான் எடுக்கும்வரை தனியாக இருக்காதே. பக்கத்தில் யாராவது ஒருவரைக் கூப்பிட்டு வைத்துக்கொள். நீ வருகிறேன் என்று சொன்னதோடு என் பயம் போய்விட்டது என்று நினைக்காதே. இப்போது விமானத்துக்குப் பயப்படத் தொடங்கியிருக்கிறேன்.

மஃரிப் முடிந்து வந்த வாப்பாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். நீ சொன்ன அந்த வார்த்தையையும் சொன்னேன். அவர் கதிரையில் உட்கார்ந்தார். "வாறானாமா?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். உடுப்பு மாற்றாமல், தொப்பியும் கழற்றாமல் எழும்பி வெளியே போனார். எனக்குப் பயமாகப் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போய் உன்னைக் கூட்டி வர ஒரு வான் வாடகைக்குப் பேசிவிட்டேன் என்றார். எந்த நாளுக்குப் பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை. நீ இன்னும் டிக்கட் எடுக்கவில்லை என்றும் சொல்லவில்லை. கெதியாக எடு, மகனே.

உன் உம்மா